தண்டம் யாருக்குச் சேர்ந்தது?

நம் நாட்டில் ஒரு செஷன்ஸ் நீதிமன்றத்தின் நடவடிக்கைகளை ஒரு நாளேனும் பொறுமையோடு கவனித்தவர்களுக்கு, அங்கே ஒவ்வொருவருக்கும் வகுக்கப்பட்டிருக்கும் இடம் நன்கு தெரிந்திருக்கும். உயர்ந்த மேடையில் நீதிபதி வீற்றிருக்கிறார். அவருக்கு எதிரே ஒருபுறம் அரசு வழக்கறிஞரும் மறுபுறம் எதிரியின் வழக்கறிஞரும் நிற்கிறார்கள். எதிரிக்கு ஒரு கூண்டு உண்டு, சாட்சிக்கு ஒரு கூண்டு உண்டு. குமாஸ்தாவுக்கும் டவாலிக்கும்கூட நிச்சயமான இடம் உண்டு. ஆனால் எவருடைய வீடு கொள்ளை போயிற்றோ, எந்தத் தாயின் மகன் வெட்டுண்டு மாண்டானோ, எந்தப் பெண்ணின் உடலும் உள்ளமும் குரூரமாக வதைக்கப்பட்டனவோ, அவருக்கென்று அந்த மண்டபத்தில் ஓர் ஆசனம் கிடையாது. அவர் சம்மன் வந்தால் வருகிறார், தாழ்வாரத்திலோ மரத்தடியிலோ காத்திருக்கிறார், 'அ.சா.1' என்ற குறியீட்டோடு கூண்டில் ஏறித் தமக்கு நேர்ந்ததைச் சொல்லி, எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்கு ஈடுகொடுத்துவிட்டு, சாட்சிப் படியைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார். வழக்கின் பெயர் அரசுக்கும் எதிரிக்கும் இடைப்பட்டது. அவருடைய பெயர் அதன் தலைப்பில் இடம்பெறுவதில்லை.

இந்த நிலை அநாதியானதன்று. நூற்றாண்டுகள் பலவற்றில், வெவ்வேறு அரசுகளின் கீழ், வெவ்வேறு நியாயங்களை முன்னிட்டு, தீங்குற்றவர் சிறிது சிறிதாகத் தம் இடத்தை இழந்து வந்திருக்கிறார். இந்த ஐம்பது ஆண்டுக் காலத்தில்தான் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றிருக்கிறார். அந்தச் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர்களுக்கு ஒரு கேள்வி நல்ல வழிகாட்டியாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். குற்றம் செய்தவன் செலுத்திய தண்டம், ஒவ்வொரு காலத்திலும், கடைசியில் யாருடைய கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே அக்கேள்வி.

தர்ம சாஸ்திர நூல்களில் இதைப் பற்றிய சிந்தனை தெளிவாகவே காணப்படுகிறது. பிறரைக் காயப்படுத்தி இரத்தம் சிந்தச் செய்தவன், அரசனுக்குச் செலுத்தும் தண்டம் ஒருபுறமிருக்க, காயம் ஆறும் வரையில் ஆகும் வைத்தியச் செலவையும் ஏற்கக் கடமைப்பட்டவன் என்று மனு ஸ்மிருதி விதிக்கிறது. களவு போன பொருளைக் கள்வரிடமிருந்து மீட்ட அரசன், அதை உடையவனிடம் சேர்க்காமல் தானே அனுபவிப்பானாகில் கள்வனின் பாபம் அவனையே சாரும் என்றும் அது சொல்லுகிறது. அர்த்த சாஸ்திரம் இன்னும் ஒரு படி மேலே சென்று, மீட்க முடியாத பொருளுக்கு அரசன் தன் சொந்தப் பொருளிலிருந்தே ஈடு செய்ய வேண்டும் என்கிறது. வரி வாங்குகிறவன் காவலுக்குப் பொறுப்பாளி. காவல் தவறினால் நஷ்டத்துக்கும் பொறுப்பாளி என்ற இந்தக் கொள்கையை இவ்வளவு நேராக எழுதி வைத்தது சாமானியமான காரியமன்று. எனினும், அதே நூல்கள் வர்ணத்துக்கு வர்ணம் தண்டத்தின் அளவை ஏற்றியும் இறக்கியும் பேசுவதால், தீங்குற்றவர் தாழ்ந்த குலத்தவரானால் அவர் பட்ட துன்பத்தின் விலையும் தாழ்ந்தே போயிற்று என்பதை மறைத்து அவற்றைப் புகழ்வது நியாயமாகாது. ஏட்டில் உள்ளது நாட்டில் எவ்வளவு நடந்தது என்பதும் வேறு விஷயம்.

நாட்டில் நடந்தது என்ன என்று அறிவதற்குத் தமிழகத்தில் கல்வெட்டுக்கள் உதவுகின்றன. சோழர் காலத்துச் சாசனங்களில், கொலை வழக்குகளைப் பற்றிப் பேசும் ஒரு வகை உண்டு. சோழர் சரித்திரத்தை எழுதிய கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்திருக்கிறார். காட்டில் வேட்டைக்குப் போன ஒருவன் விலங்கென்று எண்ணி எய்த அம்பு மனிதன்மேல் பாய்ந்து அவன் இறந்துபோகிறான். அல்லது இருவருக்குள் கைகலப்பு மூண்டு ஒருவன் உயிர் போய்விடுகிறது. ஊராரும் நாட்டாரும் கூடி விசாரிக்கிறார்கள். கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லாமற் செய்த செயலாதலால் கொன்றவனைக் கொல்ல வேண்டுவதில்லை என்று தீர்மானித்து, இறந்தவனுக்காகக் கோயிலில் ஒரு நந்தா விளக்கோ அரை விளக்கோ எரிக்கும்படி அவனுக்குக் கட்டளையிடுகிறார்கள். நந்தா விளக்கு ஒன்றுக்கு நெய் அளப்பதற்கு 96 ஆடுகள் விடுவது அக்கால வழக்கம். அவை எண்ணிக்கையில் என்றும் குறையாதபடி பேணப்பட வேண்டியவை ஆதலால் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர் பெற்றன. 96 ஆடுகள் ஒரு குடியானவனுக்குச் சிறு தொகையன்று. எண்ணத்தையும் செயலையும் பிரித்துப் பார்த்து, உயிருக்கு உயிர் என்ற கொடூரத்தைத் தவிர்த்த அந்தச் சபைகளின் விவேகத்தை எவரும் மதிக்கவே செய்வர்.

ஆனால் அந்தக் கல்வெட்டுக்களைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் வேறொருத்தியைத் தேடுகிறது. விளக்கு எரிகிறது, கோயில் அதிகாரிகள் ஆடுகளை ஏற்றுக்கொள்கிறார்கள், கொன்றவன் பழி நீங்கி வீடு திரும்புகிறான். இறந்தவனுடைய மனைவி அன்று மாலை எந்த அடுப்பில் என்ன ஏற்றினாள்? அதைப் பற்றிக் கல் பேசுவதில்லை. வரி தண்டும் அதிகாரி ஒருவன், தான் வரி கொடுக்க வேண்டியவள் அல்ல என்று மறுத்த ஒரு பெண்ணை வருத்தியதால், அவள் நஞ்சுண்டு மாண்ட செய்தியும் ஒரு சாசனத்தில் வருகிறது. அதிகாரியாயிற்றே என்று தயங்காமல், பல திசைகளிலிருந்தும் நாட்டார் கூடி அவனே குற்றவாளி என்று தீர்த்தார்கள். அவனும் விளக்குக்குப் பொன் கொடுத்தான். அதிகாரத்தில் இருப்பவனை ஒரு ஏழைப் பெண்ணின் சாவுக்காகப் பொறுப்பாக்கிய அந்தத் தைரியம் பெரிது. ஆயினும் தண்டப் பொருள் சென்று சேர்ந்தது தெய்வ சந்நிதியில்தான். இறந்தவரின் ஆன்மா நற்கதி அடைய அதுவே சிறந்த உபகாரம் என்று அக்காலத்தவர் மனப்பூர்வமாக நம்பினார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அந்த நம்பிக்கையில் உயிரோடு எஞ்சியவரின் பசி இரண்டாம் பட்சமாயிற்று.

எஞ்சியவரைக் காக்க வேண்டும் என்ற கருத்தே அவர்களுக்கு இல்லாமலிருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. ஊரின் ஆநிரையைக் காக்கப் பொருது வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டியதோடு நில்லாமல், அவன் சந்ததியார்க்கு 'உதிரப்பட்டி' என்றும் 'நெய்த்தோர்ப்பட்டி' என்றும் நிலம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இரத்தத்துக்கு ஈடாக நிலம் கொடுக்கும் அந்த முறை, ஊருக்காக இறந்தவன் குடும்பத்துக்குக் கிடைத்தது. ஊரானின் கையால் இறந்தவன் குடும்பத்துக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை.

களவு விஷயத்தில் நிலைமை வேறு. சாசனங்களில் 'பாடிகாவல்' என்ற பெயரால் காணப்படும் ஊர்க்காவல் உரிமையும் அதற்குரிய வரியும், நாயக்கர் காலத்திலும் பாளையக்காரர் காலத்திலும் விரிந்து வளர்ந்து, ஓர் ஊரின் எல்லைக்குள் 'ஸ்தல காவல்', பல ஊர்களையும் பெருவழிகளையும் உள்ளடக்கிய 'தேச காவல்' என இரண்டாகப் பிரிந்து நின்றன. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் குடிகள் விளைச்சலில் ஒரு பங்கைக் காவற்காரனுக்கு அளந்தார்கள். அதற்குப் பிரதியாக அவன் ஏற்றுக்கொண்ட கடமை மிகவும் தெளிவானது: களவு போன மாட்டையோ நகையையோ தானியத்தையோ கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், கண்டுபிடிக்க இயலாவிடில் அதன் மதிப்பைத் தானே கொடுத்துவிட வேண்டும். மாட்டின் அடித்தடத்தைப் பார்த்துக்கொண்டே எல்லை வரையில் போய், தடம் அடுத்த எல்லைக்குள் நுழைந்திருப்பதைக் காட்டினால்தான் அவன் பொறுப்பு நீங்கும். அப்பால் அது அந்த ஊர்க் காவற்காரனைச் சாரும். அர்த்த சாஸ்திரம் அரசன்மேல் சுமத்திய கடமை, இவ்விதம் ஒரு கிராமத்துக் காவற்காரன் தோளில் நடைமுறையில் இறங்கியிருந்தது. குற்றம் நடந்த மறுநாளே, திருடன் யார் என்ற விசாரணை முடிவதற்கு முன்பே, பறிகொடுத்தவனின் நஷ்டத்துக்குப் பதில் சொல்ல ஒரு மனிதன் இருந்தான். இத்தகைய உறுதியை அதற்குப் பின் வந்த எந்த அரசும் நம் குடியானவனுக்கு அளிக்கவில்லை.

காவல் முறையின் மறுபக்கத்தையும் சொல்லியே ஆக வேண்டும். பாளையங்களின் அதிகாரம் குலைந்து, காவல் பரம்பரைச் சொத்தாகிவிட்ட பிற்காலத்தில், காவற்கூலி கொடுக்க மறுத்த ஊரில் மாடுகள் காணாமற் போவதும், வைக்கோற்போர் தீப்பற்றி எரிவதும் சகஜமாயின. 'துப்புக்கூலி' என்ற ஒரு வழக்கம் வேரூன்றிற்று. மாட்டைப் பறிகொடுத்தவன், துப்பறிந்து சொல்லும் ஒரு நடுவன் மூலமாக மாட்டின் விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தால், குறித்த ஓர் இடத்தில் மாடு கட்டப்பட்டிருக்கும், யார் திருடினார் என்று கேட்கக்கூடாது, போலீஸுக்கும் போகக்கூடாது. பறிகொடுத்தவனே தண்டம் கட்டும் விபரீதம் இது. இருந்தும் அநேகர் கச்சேரி வாசலை மிதிப்பதைவிடத் துப்புக்கூலி கொடுப்பதையே விரும்பினார்கள். ஏனென்றால் துப்புக்கூலி கொடுத்தவனுக்கு மாடு வந்தது. கச்சேரிக்குப் போனவனுக்கு வாய்தா வந்தது. 1896-ஆம் ஆண்டை ஒட்டி மதுரைச் சீமையில், திண்டுக்கல்லைச் சுற்றிய ஊர்களில், குடியானவர்கள் ஒன்றுகூடிப் பணம் திரட்டிக் காவற்காரரை வெளியேற்றிய 'பண்டு' கிளர்ச்சி, இந்தப் பாரம் எவ்வளவு பொறுக்கமுடியாததாகிவிட்டது என்பதற்குச் சான்று.

இதற்குள் ஆட்சி மாறிவிட்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் வங்காளத்தில் நிர்வாகத்தை ஏற்றபோது அங்கே குற்ற வழக்குகளில் வழங்கியது இஸ்லாமியச் சட்டம். அதன்படி கொலை என்பது முதலாவதாக, கொலையுண்டவனின் வாரிசுகளுக்கு இழைக்கப்பட்ட தீங்கு. உயிருக்கு உயிர் கேட்கும் 'கிசாஸ்', இரத்தத்துக்கு ஈடாகப் பொருள் பெறும் 'தியத்', மன்னித்து விட்டுவிடுதல் ஆகிய மூன்றில் எதை மேற்கொள்வது என்று நிச்சயிக்கும் அதிகாரம் வாரிசுகளிடம் இருந்தது. காரன்வாலிஸ் பிரபு 1790 முதல் அடுத்தடுத்துப் பிறப்பித்த விதிகளால் இந்த அதிகாரம் அகற்றப்பட்டது. வாரிசு மன்னித்தாலும் வழக்குத் தொடுக்க மறுத்தாலும் அரசு தண்டிக்கும். இரத்தப் பொருளுக்குப் பதிலாகச் சிறைவாசம் விதிக்கப்படும் என்று ஆயிற்று. 1802-ல் சென்னை ராஜதானியிலும் அதே மாதிரியில் ஜில்லா நீதிமன்றங்களும், சுற்று நீதிமன்றங்களும், அவற்றுக்கு மேலே ஃபௌஜ்தாரி அதாலத்தும் ஏற்பட்டன.

காரன்வாலிஸின் காரணங்கள் அற்பமானவை அல்ல. பணமும் பலமும் உள்ள கொலைகாரன் ஓர் ஏழை விதவையை மிரட்டியோ சிறு தொகை கொடுத்தோ மன்னிப்பை எழுதி வாங்கிக்கொண்டு தலைநிமிர்ந்து நடப்பதை எந்த அரசும் சகிக்கலாகாது. கொலை செய்தவனைத் தண்டிப்பது செத்தவனின் உறவினருடைய தயவைப் பொறுத்ததாக இருப்பது சமூகத்துக்கு ஆபத்து. இவற்றை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மன்னிக்கும் அதிகாரத்தை அவளிடமிருந்து எடுத்தவர்கள், ஈடு பெறும் உரிமையையும் உடன் எடுத்துவிட்டார்கள். வழக்கில் அவள் கருத்தைக் கேட்கும் அவசியத்தையும் எடுத்துவிட்டார்கள். மூன்றையும் ஒன்றாகக் கட்டி வெளியே எறிய வேண்டிய அவசியம் இருக்கவில்லை. இன்று நாம் படும் இடர்ப்பாட்டின் தொடக்கம் அங்கேதான்.

தமிழ்ச் சீமையில் பாளையக்காரர் போர் முடிந்தபின், தேச காவலையும் ஸ்தல காவலையும் கம்பெனியார் சட்டப்படி ஒழித்தார்கள். 1816-ஆம் ஆண்டின் 11-ஆம் ரெகுலேஷன் கிராம முன்சீப்பையும் தலையாரியையும் போலீஸ் வேலைக்கு உரியவர்களாக்கியது. காவற்காரனின் வரும்படி போயிற்று. அதோடு நஷ்டத்துக்கு அவன் ஈடு செய்யும் பொறுப்பும் போயிற்று. அந்தப் பொறுப்பைப் புதிய அரசு தன் தலையில் ஏற்றுக்கொள்ளவில்லை. மேலும் வரிவசூலும் போலீஸும் ஒரே கைகளில் இருந்தபடியால் குடிகள் பட்ட பாட்டை 1855-ல் சென்னையில் அமர்ந்த சித்திரவதை விசாரணைக் கமிஷனின் அறிக்கை எடுத்துக் காட்டுகிறது. குனிய வைத்துக் கட்டும் 'அண்ணாந்தாள்', விரல்களை நெரிக்கும் 'கிட்டி' முதலியவற்றின் பெயர்கள் அந்த ஆங்கில அறிக்கையில் தமிழ்ச் சொற்களாகவே பதிந்திருக்கின்றன. கமிஷன் அமர்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, தொலைதூர ஜில்லாக்களிலிருந்து மக்கள் சென்னைக்கு நடந்தே வந்தார்கள். தங்களை வதைத்தவர்களுக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவர் காது கொடுத்துக் கேட்கப் போகிறார் என்ற ஒரே நம்பிக்கை அவர்களை அவ்வளவு தூரம் நடத்தி வந்தது. தீங்குற்றவருக்கு முதலில் வேண்டியது ஈட்டுத்தொகை அன்று, கேட்கும் செவி என்பதற்கு அந்த நடையைவிடச் சான்று வேண்டுவதில்லை. 1859-ல் சென்னைக்கெனத் தனிப் போலீஸ் சட்டம் வந்து, வரிவசூலிலிருந்து போலீஸைப் பிரித்தது.

மெக்காலேயின் தலைமையில் 1837-லேயே நகல் தயாராகியும் நெடுங்காலம் உறங்கிக் கிடந்த இந்திய தண்டனைச் சட்டம் 1860-ல் நிறைவேறி, 1862 ஜனவரி முதல் நாள் அமலுக்கு வந்தது. 1861-ன் குற்ற விசாரணைமுறைச் சட்டமும் உடன் வந்தது. குற்றம் என்பது அரசுக்கு எதிரானது, அரசே வழக்காடும், அரசே தண்டிக்கும், அபராதம் அரசின் கஜானாவுக்குச் சேரும் என்ற கட்டுக்கோப்பு இவற்றால் பூர்த்தியாயிற்று. அபராதத் தொகையிலிருந்து தீங்குற்றவருக்கு நஷ்டஈடு கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று ஒரு சிறு வாசலை மட்டும் அச்சட்டம் திறந்து வைத்தது. 1898-ன் சட்டத்தில் அது 545-ஆம் பிரிவாக நின்றது. அந்த வாசல் எவ்வளவு குறுகலானது என்பதைப் பாருங்கள்: அபராதம் விதித்தால்தான் ஈடு, விதித்த அபராதத்துக்கு மேல் ஈடு இல்லை, சிவில் கோர்ட்டில் வழக்காடினால் கணிசமான தொகை கிடைக்கக்கூடியது என்று நீதிபதிக்குத் தோன்ற வேண்டும், மேல்முறையீட்டுக் காலம் கழியும் வரையில் பணம் கைக்கு வராது. பாரமான குற்றங்களில் சிறைவாசமும் தூக்கும் விதிக்கப்பட்டனவேயன்றி அபராதம் பெரிதாக விதிக்கப்படவில்லை. ஆகவே தீங்கு எவ்வளவு பெரிதோ அவ்வளவு ஈடு அரிதாயிற்று.

இக்காலத்திலேயே, பொருளைப் பறிகொடுப்போரைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு, குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற அநீதியும் நிகழ்ந்தது. 1911-ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் சென்னை ராஜதானிக்குள் வந்த அது, முழுச் சமூகங்களைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாக்கி, ஆண்களை இரவில் காவல் நிலையத்தில் கைரேகை வைக்கச் செய்தது. 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்தவர்கள் துப்பாக்கிக்கு இரையானார்கள். தீங்குற்றவரின் பெயரைச் சொல்லிப் புதிதாகத் தீங்குற்றவர்களை உண்டாக்கும் சட்டம் எவருக்கும் பாதுகாப்பாகாது. தீங்குற்றவரின் உரிமைக்காக இன்று வாதாடுகிறவர்கள் இந்தச் சரித்திரத்தை நினைவில் வைத்திருப்பது அவசியம்.

சுதந்திர பாரதத்தின் அரசியல் சட்டம், கைதானவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைக் கலந்துகொள்ள அனுமதிக்க வேண்டும், ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கலாகாது என்றெல்லாம் விதித்தது. அந்நிய ஆட்சியில் சிறை கண்டவர்கள் இயற்றிய சட்டத்தில் இந்தக் கவலை மேலோங்கி நின்றது இயல்பே. அவற்றில் ஒன்றையேனும் குறைக்க வேண்டும் என்று எவரும் விரும்பலாகாது. ஆனால் தீங்குற்றவரைப் பற்றி அதில் தனியாக ஒரு ஷரத்தும் இல்லை. 1973-ன் புதிய குற்ற விசாரணைமுறைச் சட்டத்தின் 357-ஆம் பிரிவுதான் முதல் மாற்றத்தைச் செய்தது. அபராதம் விதிக்காத வழக்கிலும் குற்றவாளி ஈடு கொடுக்கும்படி உத்தரவிடலாம் என்றது. வாசல் அகன்றது, உள்ளே அழைப்பார்தான் அரிதாயினர். 1979-ல் ரத்தன் சிங் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பியதோடு கடமை முடிந்ததென்று எண்ணி, இறந்தவரை நம்பியிருந்தோரின் துயரைச் சட்டம் கவனியாதிருப்பது நம் நீதி முறையின் குறைபாடு என்று வருந்தி எழுதினார். 1988-ல் ஹரி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்த அதிகாரத்தைத் தாராளமாகப் பயன்படுத்துமாறு எல்லா நீதிமன்றங்களையும் கேட்டுக்கொண்டது. 2013-ல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில், ஈடு கொடுத்தாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத வேண்டியது கட்டாயம் என்று சொல்ல நேர்ந்தது. நாற்பது ஆண்டுகளாகச் சட்டப் புத்தகத்தில் இருந்த ஒரு பிரிவை நினைவூட்ட இத்தனை தீர்ப்புக்கள் தேவைப்பட்டன.

பணம் ஒருபுறம், வழக்கில் குரல் என்பது மறுபுறம். 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்து கரியாயின. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்நாளில் போலீஸ் தொடுத்த வழக்கில் விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை அரசுக்கே உரியது. மனைவியையும் மக்களையும் தீயில் இழந்தவனுக்குச் சட்டம் அந்த உரிமையை அளித்திருக்கவில்லை. தண்டனை பெற்றவனுக்கு மேல்முறையீடு உண்டு, எரிந்தவரின் உற்றாருக்கு இல்லை என்ற இந்த ஏற்றத்தாழ்வு, அவ்வழக்கின் முடிவு சரியா தவறா என்பதற்கு அப்பாற்பட்டு, தன்னளவிலேயே ஒரு கொடுமை.

பெண்களின் துயரம்தான் நீதிமன்றக் கதவை முதலில் பலமாக அசைத்தது. மகாராஷ்டிரத்தில் 1972-ல் காவல் நிலையத்துக்குள்ளேயே பலாத்காரத்துக்கு உள்ளான பழங்குடிப் பெண் ஒருத்தியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் போலீஸாரை விடுவித்ததைக் கண்டித்து, சட்டப் பேராசிரியர் நால்வர் 1979-ல் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினர். அதனால் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1983-ல், இத்தகைய பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது குற்றமாயிற்று. விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டுமென்றும் ஏற்பட்டது. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது, புகார் சொல்ல வருகிறவளின் கூச்சத்தை அரசு உணர்ந்ததன் ஓர் அறிகுறி. அவளுடைய பழைய நடத்தையைக் கிளறும் கேள்விகள் குறுக்கு விசாரணையிலிருந்து சட்டத்தால் விலக்கப்பட, அதன்பின் மேலும் பத்தாண்டு பிடித்தது.

பிற நாடுகளிலும் இதே காலத்தில்தான் விழிப்பு ஏற்பட்டது. குற்றத்தால் காயமுற்றோருக்கு அரசே ஈடு கொடுக்கும் சட்டத்தை 1963-ல் நியூசிலாந்து இயற்றியது. மறு ஆண்டு பிரிட்டன் பின்பற்றியது. 1985 நவம்பர் 29-ல் ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை, தீங்குற்றவர்களை மரியாதையுடன் நடத்துதல், வழக்கின் போக்கைத் தெரிவித்தல், ஈடு அளித்தல், உதவி புரிதல் ஆகியவற்றை ஒரு பிரகடனமாக வெளியிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் குற்றவியல் துறை இந்தச் சிந்தனையை நம் நாட்டில் பரப்பியவற்றுள் முதன்மையானது. 1992-ல் இதற்கென ஓர் இந்தியக் கழகம் அங்கே தோன்றியது.

நம் சட்டத்தில் பெரும் திருப்பம் 2009 டிசம்பர் 31-ல் அமலுக்கு வந்த திருத்தத்தோடு நிகழ்ந்தது. தீங்குற்றவர் யார் என்பதற்கு அப்போதுதான் விசாரணைமுறைச் சட்டத்தில் ஓர் இலக்கணம் ஏற்பட்டது. விடுதலையையோ, குறைந்த குற்றத்துக்கான தண்டனையையோ, போதாத ஈட்டையோ எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை அவருக்குக் கிடைத்தது. அரசு வழக்கறிஞருக்குத் துணையாகத் தமக்கென ஒரு வழக்கறிஞரை நீதிமன்ற அனுமதியோடு வைத்துக்கொள்ளவும் இடமுண்டாயிற்று. யாவற்றிலும் மேலாக, குற்றவாளி அகப்படாவிட்டாலும், வழக்கு விடுதலையில் முடிந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மூலம் அரசின் நிதியிலிருந்து ஈடு பெறும் வழி திறந்தது. விண்ணப்பத்தின்மேல் விசாரணை இரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்று விதி. காவற்காரன் ஒழிந்த நாளிலிருந்து எவரும் ஏற்காது கிடந்த பொறுப்பை அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது இப்போதுதான்; இடையில் கழிந்தவை ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள்.

அதன்பின் மாற்றங்கள் விரைந்து வந்தன. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவு, ஜாமீன் முதல் தண்டனை வரையில் ஒவ்வொரு கட்டத்திலும் தீங்குற்றவரின் வார்த்தையைக் கேட்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. நம் நாட்டுச் சட்டங்களில் இதைப்போல் விரிவான வாசகம் வேறெதிலும் இல்லை என்பது என் துணிபு. 2018-ல் சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டம் ஒன்றை உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சட்டமாக்கிற்று. லக்கீம்பூர் கேரியில் உழவர்கள் உயிரிழந்த வழக்கில், இணையவழி விசாரணையில் தொடர்பு அறுந்து தங்கள் தரப்பைச் சொல்ல இயலாமற் போயிற்று என்று அவர்களுடைய குடும்பத்தார் முறையிட்டபோது, 2022-ல் அந்நீதிமன்றம் ஜாமீனை ரத்து செய்து, தொடக்கம் முதல் முடிவு வரையில் அவர்கள் குரல் கேட்கப்பட வேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நாள் அமலுக்கு வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சட்டம், புலன் விசாரணை எந்த மட்டில் நிற்கிறது என்பதைத் தீங்குற்றவருக்கு 90 நாளுக்குள் தெரிவிக்க வேண்டுமென்றும், அவரைக் கேளாமல் வழக்கை வாபஸ் வாங்க அனுமதிக்கலாகாதென்றும் சொல்லுகிறது.

இவ்வளவு இருந்தும், சாட்சிகள் பிறழ் சாட்சியாவது நிற்கவில்லை. கூண்டில் ஏறிய ஏழை, தன்னை வெட்டியவனைப் பார்த்துவிட்டு, யார் வெட்டினார் என்று தெரியாது என்கிறான்; அவன் இருப்பது வெட்டியவனின் தெருவில், கூலிக்குப் போவது வெட்டியவனின் வயலில். ஈடு பெற உரிமை உண்டு என்பதையே அறியாத விதவைகள் எத்தனையோ பேர். புகாரை எழுதிக் கொடுத்த அன்றே, உரிமைகள் யாவையும் நல்ல தமிழில் எழுதிய ஒரு தாளை அவர் கையில் கொடுத்துப் படித்துக் காட்டும் பொறுப்பு ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் இருக்க வேண்டும். சட்டம் இயற்றுவதைவிட இது எளிய காரியம். ஆனால் இதைச் செய்யாமல் இயற்றிய சட்டத்தால் பயனில்லை.

தர்மபுரி மாவட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்ற பழங்குடிச் சிற்றூர் இருக்கிறது. 1992 ஜூன் 20-ல் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அவ்வூரில் புகுந்து, ஊராரை ஆலமரத்தடியில் கூட்டி அடித்து, வீடுகளைச் சூறையாடி, பெண்கள் 18 பேரைப் பலாத்காரம் செய்தார்கள். குழந்தைகளுடன் பெண்கள் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அதாவது, தீங்குற்றவர்கள் எதிரிகளாக்கப்பட்டார்கள். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியினரும் பழங்குடி அமைப்பினரும் இடைவிடாது போராடி, உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 1995-ல் வழக்கு சி.பி.ஐ. வசம் சென்றது. 269 ஊழியர்கள் எதிரிகளாயினர். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி செஷன்ஸ் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிருடனிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். அவர்கள் செய்த மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி. வேல்முருகன், 2023 மார்ச் மாதத்தில் தாமே வாச்சாத்திக்குச் சென்று, ஊரையும் ஏரியையும் மலைச்சரிவையும் நேரில் கண்டு, மக்களோடு பேசித் திரும்பினார். அவ்வாண்டு செப்டம்பர் 29-ல் தண்டனைகளை உறுதிசெய்த அவர், அந்தப் பதினெட்டுப் பெண்களுக்கும், இறந்துவிட்டவராயின் குடும்பத்தாருக்கும், தலா 10 லட்ச ரூபாயை அரசு உடனே வழங்க வேண்டும் என்றும், அதில் 5 லட்சத்தைப் பலாத்காரக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களிடமிருந்தே அரசு வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.